110 எஃப்பிஎஸ் காட்டுது, ஆனா திக்கித் திக்கி ஓடுது: கார்டை மாத்தணுமா, செட்டிங்கை மாத்தணுமா?

பொங்கோல் 165 | 14 ஜூலை 2025, இரவு 10.52

கிராஃபிக்ஸ் கார்டு ஆர்டிஎக்ஸ் 3060 டிஐ, 8 ஜிபி. சிபியு ரைசன் 5 5600, பி450 மதர்போர்டு, 16 ஜிபி ரேம். மானிட்டர் 1440பி, 165 ஹெர்ட்ஸ். மூலையில ஓடுற எஃப்பிஎஸ் எண், அதாவது வினாடிக்கு எத்தனை ஃபிரேம் (படம்)ங்கிறது, 110 காட்டுது. ஆனா கேமராவைச் சட்டுனு திருப்பினா படம் திக்குது. நேரா நடந்தாலும் அரை நிமிஷத்துக்கு ஒரு தடவை ஒரு குலுக்கல்.

என்விடியா கண்ட்ரோல் பேனல்ல எல்லாத்தையும் பெர்ஃபார்மன்ஸ் பக்கம் தள்ளிட்டேன். பவர் மேனேஜ்மென்ட் 'பிரிஃபர் மேக்ஸிமம் பெர்ஃபார்மன்ஸ்', டெக்ஸ்சர் ஃபில்டரிங் 'ஹை பெர்ஃபார்மன்ஸ்', தாமதம் குறைக்கிற லோ லேட்டன்ஸி 'அல்ட்ரா', ஃபிரேமை மானிட்டர் வேகத்துக்குக் காக்கவைக்கிற விசிங்க் ஆஃப். எண் 4 கூடுச்சு, திக்கல் அப்படியே இருக்கு. என் கணக்குப்படி கார்டுக்கு வயசாயிடுச்சு, 5060 டிஐ கார்டு வாங்கினா தீரும். சரியா?

ஈசூன் பழைய கார்டு | 14 ஜூலை, இரவு 11.20

சரியில்லை. பணத்தைப் பத்திரமா வைங்க.

110 என்பது சராசரி. ஒரு வினாடிக்குள் 107 ஃபிரேம் 8 மில்லிவினாடி வீதம் வந்து, மீதி 3 ஃபிரேம் 48 மில்லிவினாடி வீதம் வந்தால் 856 + 144 = 1000. கவுண்டர் 110 என்று காட்டும், கணக்கில் ஒரு பிழையும் இருக்காது. கண்ணுக்குத் தெரிவதோ அந்த மூன்றுதான். எல்லா ஃபிரேமும் 16.7 மில்லிவினாடியில் ஒரே சீராக வரும் 60 எஃப்பிஎஸ், இந்த 110-ஐவிட வழுக்கிக்கொண்டு போகும்.

அதனால் முதல் வேலை செட்டிங்கை மாற்றுவது இல்லை, அளப்பது. கார்டை அளக்க உதவும் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் மென்பொருளைப் போடுங்க, கூடவே வரும் ரிவாட்யூனரையும் சேர்த்து. மானிட்டரிங் பக்கத்தில் 'ஃபிரேம்டைம்' (ஒரு ஃபிரேம் வர எடுக்கும் நேரம்) வரியைத் தேர்ந்தெடுத்து, எண்ணாக இல்லாமல் கிராஃபாகத் திரையில் காட்டச் சொல்லுங்க. அதோடு ஜிபியு யூசேஜ் (கார்டின் சில்லு எத்தனை சதவீதம் உழைக்கிறது), ஜிபியு வெப்பம், கார்டின் மெமரி யூசேஜ், சிபியு ஒவ்வொரு கோருடைய யூசேஜ். ஆட்டத்தில் ஒரே தெருவை எடுத்துக்கொண்டு 60 வினாடி நடங்க. மூன்று முறை. பிறகு வந்து சொல்லுங்க.

அதுவரை கண்ட்ரோல் பேனலில் 'ரீஸ்டோர்' அழுத்தி எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுபோங்க. பத்து மாற்றத்தை ஒன்றாகச் செய்துவிட்டால் எது உதவியது, எது கெடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

தேக்கா மூலை | 14 ஜூலை, இரவு 11.31

கார்டுக்கு வயசாயிடுச்சாம். இங்க அதைவிடப் பழைய 1060 கார்டு இன்னும் வேலைக்குப் போய்ட்டு வருது.

பொங்கோல் 165 | 15 ஜூலை, இரவு 9.14

மூணு தடவை நடந்தாச்சு. கோடு பெரும்பாலும் 8லேருந்து 11 வரைக்கும். நடுநடுவுல 35லேருந்து 50 வரைக்கும் முள்ளு மாதிரி எகிறுது. முள் வர்ற நேரத்துல ஜிபியு யூசேஜ் 99லேருந்து 60, 65க்கு விழுது. மெமரி யூசேஜ் 7,700 எம்பி. வெப்பம் 82. டெக்ஸ்சர் அல்ட்ரா, நிழல் அல்ட்ரா, ரே டிரேசிங் ஆஃப்.

ஒண்ணு கவனிச்சேன். முதல் நடையில முள்ளு நிறைய. மூணாவது நடையில கொஞ்சம் கம்மி, ஆனா போகல.

ஈசூன் பழைய கார்டு | 15 ஜூலை, இரவு 10.02

கடைசி வரிதான் முக்கியம். முதல் தடவை மட்டும் வந்து, அடுத்த தடவை அதே இடத்தில் வராத முள் என்றால் அது ஷேடர் (ஒளி, நிறம் வரையக் கார்டு ஓட்டும் சிறு நிரல்) தயாராகும் திக்கல். டைரக்ட்எக்ஸ் 12 ஆட்டங்களில், குறிப்பாக அன்ரியல் இன்ஜின்காரர்களிடம், இது சகஜம். ஒரு புது வெடிப்பு, புது ஆயுதம், புது வெளிச்சம் திரைக்கு வரும்போது அதற்கான ஷேடரை உங்கள் கார்டுக்கு ஏற்ப அந்த நொடியில்தான் தொகுக்கிறது. தொகுப்பது சிபியு. அதனால்தான் ஜிபியு கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது, யூசேஜ் விழுகிறது. ஒருமுறை தொகுத்தால் வட்டில் சேமித்துவைக்கும்.

இதற்குக் கார்டு செட்டிங் ஒன்றே ஒன்றுதான்: மேனேஜ் 3டி செட்டிங்ஸில் 'ஷேடர் கேஷ் சைஸ்'. 10 ஜிபி வைங்க. இடம் போதாமல் பழையதை அழித்துவிட்டு மறுபடி தொகுக்கிற கூத்து குறையும். எஸ்எஸ்டியில் காலி இடம் இருக்கணும். ஆட்டம் தொடங்கும்போது 'ஷேடர் தயாராகிறது' என்று சதவீதம் ஓடினால் முழுசாக ஓடவிடுங்க, பொறுமை இல்லாமல் எஸ்கேப் அழுத்த வேண்டாம்.

ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் வரும் முள் வேறு சாதி. அதற்குக் கார்டு மெமரி, சிபியு, ரேம் மூன்றையும் பார்க்கணும்.

ஜூரோங் மீட்டர் | 15 ஜூலை, இரவு 10.40

7,700 எம்பி என்றதுமே சந்தேகம். 8 ஜிபி கார்டில் விண்டோஸ், பிரௌசர், சாட் செயலி எல்லாம் சேர்ந்து அரை ஜிபிக்கு மேல் தின்றுவிடும். மிச்சத்துக்குள் அடங்காத டெக்ஸ்சர் (பொருள்களின் மேல் ஒட்டும் படம்) சிஸ்டம் ரேமுக்குப் போகும். கார்டின் சொந்த மெமரி வேகம் வினாடிக்கு 448 ஜிபி. பி450 போர்டில் கார்டு ரேமை எட்டும் வழி பிசிஐஇ 3.0, 16 லேன் (தடம்): சுமார் 16 ஜிபி. ஆறுவழிச் சாலை ஒற்றையடிப் பாதையாகிறது. கேமராவைத் திருப்பும்போது குலுங்குவதற்கு இது நன்றாகவே பொருந்தும், ஏனென்றால் திருப்பும்போதுதான் புது டெக்ஸ்சர் வேண்டும்.

ஆஃப்டர்பர்னரில் 'மெமரி யூசேஜ்' என்பது ஒதுக்கியது, முழுதும் பயன்பட்டது இல்லை. அதன் பக்கத்தில் 'ப்ராசஸ்' என்று முடியும் வரி ஒன்று உண்டு, அதையும் காட்டச் சொல்லுங்க. ஆட்டம் மட்டும் எடுப்பது தெரியும்.

டெக்ஸ்சரை அல்ட்ராவிலிருந்து ஹைக்கு இறக்குங்க. ஒரு படிதான். 1440பி-யில் வித்தியாசம் கண்டுபிடிக்கச் சுவரோடு மூக்கை ஒட்டணும். சாய்வாகத் தெரியும் தரையைக் கூர்மையாக வைக்கும் அனிசோட்ரோபிக் ஃபில்டரிங்கை மட்டும் 16-லேயே விடுங்க, அதற்குச் செலவு அற்பம். நீங்க டெக்ஸ்சர் ஃபில்டரிங்கை 'ஹை பெர்ஃபார்மன்ஸ்' ஆக்கியதில் கிடைத்த அந்த 4 எஃப்பிஎஸ் அளவுப் பிழைக்குள் அடங்கும். தரையும் சாலையும் மினுமினுப்பதுதான் மிச்சம்.

பொங்கோல் 165 | 16 ஜூலை, இரவு 8.47

டெக்ஸ்சர் ஹை, நிழல் ஹை. மெமரி 6,600க்கு இறங்கிடுச்சு. 50க்குப் போன முள்ளு போச்சு. ஆனா 25லேருந்து 30 வரைக்கும் குட்டி முள்ளு இன்னும் இருக்கு. கூட்டம் நிறைஞ்ச சந்தைக்குள்ள போனா மோசம்.

ஈசூன் பழைய கார்டு | 16 ஜூலை, இரவு 9.05

சந்தைக்குள் நின்று ரெசல்யூஷனை 1080பி ஆக்குங்க. எஃப்பிஎஸ் ஏறினால் கார்டுதான் தடை. ஏறவே இல்லையென்றால் கார்டு சும்மா இருக்கிறது, சிபியுவோ ரேமோ தடை. அப்புறம் டாஸ்க் மேனேஜர், பெர்ஃபார்மன்ஸ், மெமரி. அங்கே ஸ்பீடு எவ்வளவு, ஸ்லாட் எத்தனை என்று இரண்டு வரி இருக்கும்.

பொங்கோல் 165 | 16 ஜூலை, இரவு 9.26

1080பி-க்கு இறக்கியும் 3தான் ஏறுது. ஸ்பீடு 2666. ஸ்லாட் 4ல 1.

தேக்கா மூலை | 16 ஜூலை, இரவு 9.28

ஒத்தை மாட்டு வண்டி.

ஜூரோங் மீட்டர் | 16 ஜூலை, இரவு 9.50

அதான். ஒரே ரேம் குச்சி, அதுவும் எக்ஸ்எம்பி (குச்சியை அதன் முழு வேகத்தில் ஓடவிடும் அமைப்பு) போடாமல். 2666-இல் ஒரு சேனல் (ரேமுக்கும் சிபியுவுக்கும் இடையிலான பாதை) வினாடிக்கு 21.3 ஜிபி. 3200-இல் இரண்டு சேனல் 51.2 ஜிபி. ரைசனுக்கு இது பெரிய வித்தியாசம். சராசரியைவிட 1 சதவீத லோவில், அதாவது மிக மெதுவான ஃபிரேம்களில், கூடுதலாகத் தெரியும்.

இருக்கும் குச்சியின் மேல் ஒட்டியிருக்கும் எண்ணைப் பார்த்து அதே மாடல் இன்னொன்று வாங்குங்க. சிங்கப்பூரின் கம்ப்யூட்டர் கடைகள் இருக்கும் சிம் லிம் ஸ்குவேருக்குப் போனால் பழைய குச்சியைக் கையோடு எடுத்துப் போங்க, வாயால் சொன்னால் '16 ஜிபி டிடிஆர்4' என்ற மட்டும் ஒத்துப்போகும் ஏதோ ஒன்று பைக்குள் வரும். நான்கு ஸ்லாட் போர்டில் சிபியுவிலிருந்து எண்ணினால் இரண்டாவதும் நான்காவதும். செருகும்போது கிளிக் என்று கேட்கணும். பிறகு பயாஸில் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கும் போர்டின் மெனு) எக்ஸ்எம்பி. சில போர்டில் ஏ-எக்ஸ்எம்பி, சிலதில் டிஓசிபி என்று இருக்கும், எல்லாம் ஒன்றே. 3200 வைத்துச் சேவ் பண்ணுங்க. இரண்டு குச்சியும் ஒத்துப்போகாமல் ஸ்டார்ட் ஆகாவிட்டால் பதற வேண்டாம்: போர்டு இரண்டு மூன்று முறை முயன்றுவிட்டுப் பழைய வேகத்துக்கே வந்துவிடும். வராவிட்டால் சீமாஸ் பேட்டரியைக் கழற்றிச் சில நிமிடம் வைக்கணும்.

மூடியைத் திறந்த கையோடு கார்டு எந்த ஸ்லாட்டில் என்றும் பாருங்க. பெரும்பாலான பி450 போர்டுகளில் கீழே இருக்கும் நீள ஸ்லாட் பார்க்கத்தான் நீளம், உள்ளே 4 லேன், அதுவும் பிசிஐஇ 2.0. கார்டு மேல் ஸ்லாட்டில்தான் இருக்கணும்.

பொங்கோல் 165 | 17 ஜூலை, இரவு 10.11

கார்டு விவரம் காட்டுற ஜிபியு-இசட்ல பார்த்தேன். 'எக்ஸ்16 4.0 அட் எக்ஸ்16 1.1'ன்னு இருக்கு! 1.1ஆ? ஸ்லாட் கெட்டுப்போச்சா?

ஈசூன் பழைய கார்டு | 17 ஜூலை, இரவு 10.15

கெடவில்லை, தூங்குகிறது. வேலை இல்லாதபோது கார்டு இணைப்பு வேகத்தைத் தானே இறக்கிக்கொள்ளும். அந்த வரிக்குப் பக்கத்தில் கேள்விக்குறி பட்டன் இருக்கும், ரெண்டர் டெஸ்டை ஓடவிட்டுப் பாருங்க, உங்கள் போர்டில் 3.0 ஆகிவிடும்.

ஈசூன் பழைய கார்டு | 17 ஜூலை, இரவு 11.38

ரேம் வரும்வரை மற்ற பாதியைச் சொல்லிவிடுகிறேன். எஃப்பிஎஸ்ஸை ஒரு எண்ணுக்கு மேல் போகாமல் கட்டிப்போடும் வேலை.

கார்டை அவிழ்த்துவிட்டால் அது 99 சதவீதத்தில் ஓடும். அப்போது சிபியு அடுத்த ஃபிரேமைத் தயார்செய்து வரிசையில் நிறுத்திவிட்டுக் காத்திருக்கும். வரிசை நீள நீள மவுஸை அசைத்ததற்கும் திரை அசைவதற்கும் இடைவெளி கூடும். வெயிலான தெருவில் 120, கூட்டத்தில் 85 என்று ஆடும்போது அந்த ஏற்ற இறக்கத்தையே கண் திக்கல் என்று எடுத்துக்கொள்ளும். கனமான இடத்திலும் கார்டால் தாங்க முடிந்த எண்ணைக் கண்டுபிடித்து, அங்கே கட்டிவிடணும். ரேம் வந்தபின் உங்கள் கதையில் 90. ஒரு ஃபிரேமுக்கு 11.1 மில்லிவினாடி, கார்டு 85 சதவீதத்தில் மூச்சு வாங்காமல் ஓடும். எண் 110-லிருந்து 90-க்கு இறங்குவது மனசுக்குத்தான் கஷ்டம்.

எங்கே கட்டுவது? மூன்று இடம் உண்டு. ஆட்டத்துக்குள் இருக்கும் லிமிட்டர் தாமதம் குறைவு, ஆனால் சிலதில் கோடு நடுங்கும். ரிவாட்யூனரின் லிமிட்டர் கோட்டை ஸ்கேல் வைத்தது போல் நேராக்கும், தாமதம் ஒரு துளி கூடும். என்விடியா டிரைவரின் 'மேக்ஸ் ஃபிரேம் ரேட்' 2020 ஜனவரியில் வந்தது, ரிவாட்யூனருக்கு நெருங்கிய உறவு. சுடும் ஆட்டமென்றால் உள்ளேயே கட்டுங்க, சுற்றிப் பார்க்கும் ஆட்டமென்றால் ரிவாட்யூனர். இரண்டு இடத்தில் ஒரே எண்ணைக் கட்ட வேண்டாம், ஒன்றோடொன்று முட்டும்.

அடுத்து ஜி-சிங்க்: மானிட்டரின் புதுப்பிப்பு வேகத்தைக் கார்டு தரும் ஃபிரேமுக்கு ஏற்ப ஓட்டும் என்விடியா வசதி. உங்களுடையது ஏஎம்டியின் ஃப்ரீசிங்க் மானிட்டராக இருந்தாலும் பரவாயில்லை, 2019 ஜனவரியிலிருந்து என்விடியா கார்டு அதையும் ஏற்கும். முதலில் மானிட்டரின் சொந்த மெனுவில் அடாப்டிவ் சிங்க்கை ஆன் செய்யணும், பலர் கோட்டைவிடுவது இங்கேதான். கேபிள் டிஸ்ப்ளேபோர்ட். பிறகு கண்ட்ரோல் பேனலில் 'செட் அப் ஜி-சிங்க்'. விண்டோஸில் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே போய் 165 தேர்வாகியிருக்கிறதா என்றும் பாருங்க. 165 ஹெர்ட்ஸுக்குக் காசு கொடுத்துவிட்டு 60-இல் ஓட்டுகிறவர்கள் இந்தத் தீவில் ஒருவர் இருவர் இல்லை. விசிங்க் எங்கேயும் வேண்டாம், ஜி-சிங்க் இருந்தால் போதும்.

ஈசூன் பழைய கார்டு | 18 ஜூலை, காலை 7.20

நேற்றுக் கடைசி வரியை அடித்துவிடுங்க. தூக்கத்தில் எழுதியது.

ஜி-சிங்க் இருக்கும்போது ஆட்டத்துக்குள் விசிங்க் ஆஃப், டிரைவரில் விசிங்க் ஆன். இப்படிச் சேர்த்து வைத்தால் விசிங்க் பழைய மாதிரி ஃபிரேமைப் பிடித்துவைக்காது. ஃபிரேம்டைம் குலுங்கும் நேரத்தில் திரையின் அடியில் கிழிசல் வராமல் காப்பது மட்டும் அதன் வேலை. நிபந்தனை ஒன்று: எஃப்பிஎஸ் மானிட்டரின் உச்சத்தைத் தொடக் கூடாது. 165 என்றால் 162-க்கு மேல் விடாதீங்க. தொட்டுவிட்டால் ஜி-சிங்க் விலகிப் பழைய விசிங்க் வந்து உட்கார்ந்துகொள்ளும், மவுஸ் தேனில் விழுந்தது போலாகும்.

ஆட்டத்தில் ரிஃப்ளெக்ஸ் (என்விடியாவின் தாமதக் குறைப்பு) இருந்தால் ஆன் போடுங்க. ஜி-சிங்க், டிரைவர் விசிங்க், ரிஃப்ளெக்ஸ் மூன்றும் சேர்ந்தால் அதுவே 165-ஐ 157 பக்கத்தில் கட்டிவிடும். 144 மானிட்டரில் 138.

ஜூரோங் மீட்டர் | 18 ஜூலை, மதியம் 12.48

இதோடு நீங்க போட்டிருந்த மற்ற இரண்டையும் முடித்துவிடலாம்.

லோ லேட்டன்ஸி 'அல்ட்ரா' டைரக்ட்எக்ஸ் 11 வரையிலான ஆட்டங்களுக்காக வந்தது. டைரக்ட்எக்ஸ் 12, வல்கன் ஆட்டங்களில் ஃபிரேம் வரிசையைப் பெரும்பாலும் ஆட்டமே நிர்வகிக்கிறது, அங்கே டிரைவரை நம்பி உட்கார வேண்டாம். 

'பிரிஃபர் மேக்ஸிமம் பெர்ஃபார்மன்ஸ்' குளோபலில் போட்டால் சும்மா மின்னஞ்சல் படிக்கும்போதும் கார்டு கிளாக்கை (சில்லின் வேகத்தை) இறக்காது. வெப்பமும் கரண்டும் வீண். இலகுவான பழைய ஆட்டங்களில் கிளாக் ஏறி இறங்கித் திக்கினால் மட்டும், 'புரோகிராம் செட்டிங்ஸ்' பக்கத்தில் அந்த ஆட்டத்துக்குத் தனியாகப் போடுங்க. 99 சதவீதம் ஓடும் ஆட்டத்தில் கிளாக் எப்படியும் உச்சத்தில்தான் இருக்கும்.

பொங்கோல் 165 | 20 ஜூலை, மாலை 6.33

ரேம் போட்டாச்சு, 2 x 16, 3200. ஜி-சிங்க் ஆன், டிரைவர் விசிங்க் ஆன், ரிவாட்யூனர்ல 90.

சந்தைக்குள்ள 1 சதவீத லோ முன்னாடி 46. இப்ப 79. கோடு ரூலர் வச்சுக் கிழிச்ச மாதிரி. முன்னாடி சந்தையில மவுஸைத் திருப்பினா கை ஒரு பக்கம், படம் ஒரு பக்கம். இப்ப ரெண்டும் சேர்ந்து வருது.

புதுசா ரெண்டு கேள்வி. ஒண்ணு, லோடிங் ஸ்கிரீன்ல மட்டும் வெளிச்சம் மினுக்கு மினுக்குன்னு அடிக்குது. ரெண்டு, வெப்பம் இன்னும் 79.

ஈசூன் பழைய கார்டு | 20 ஜூலை, இரவு 7.10

மினுக்கல்: மானிட்டர் விஏ வகைப் பேனலா? லோடிங் நேரத்தில் ஃபிரேம் தாறுமாறாக வரும், மானிட்டர் அதன் பின்னாலேயே புதுப்பிப்பு வேகத்தை ஏற்றி இறக்கும். வேகம் மாறும்போது விஏ பேனலில் இருட்டுப் பகுதியின் வெளிச்சம் சற்று மாறும். அடாப்டிவ் சிங்க் வரம்பு 48-இல் தொடங்கும் மானிட்டர் என்றால் அதற்குக் கீழே ஃபிரேமை இரட்டிப்பாக்கி ஓட்டும்: 47 வந்தால் 94 ஹெர்ட்ஸ். 48-ஐச் சுற்றி ஆடினால் வேகமும் 48-க்கும் 94-க்கும் இடையே தாவும், மினுக்கல் கூடும். ஆட்டத்துக்குள் வராதவரை விட்டுவிடுங்க.

ஜூரோங் மீட்டர் | 20 ஜூலை, இரவு 8.25

வெப்பம். பொங்கோலில் மதியம் ஜன்னல் திறந்து ஃபேன் போட்ட அறை 31 டிகிரி. அதே அறையில் ஏர்கான் 25. அறை 6 டிகிரி இறங்கினால் கார்டும் ஏறக்குறைய 6 இறங்கும், ஏனென்றால் ஹீட்சிங்க்கால் அறைக் காற்றுக்கு மேல் இத்தனை டிகிரி என்றுதான் பிடித்துவைக்க முடியும். வெளிநாட்டு விமர்சனத்தில் 68 என்று போட்டிருந்தால் நமக்கு 77 வருவது குறையில்லை, ஊர். இந்தக் கார்டின் இயல்பான வரம்பு 83. அதைத் தொட்டால் கிளாக்கை வெட்டும். அதற்கு முன்பே சூடு ஏற ஏற 15 மெகாஹெர்ட்ஸ் படியாக இறங்கிக்கொண்டேதான் இருக்கும்.

ஃபேனைக் கத்தவிடுவதற்கு முன் அண்டர்வோல்ட் செய்யுங்க, அதாவது சில்லுக்குப் போகும் வோல்டேஜைக் குறையுங்க. ஆஃப்டர்பர்னரில் கண்ட்ரோலும் எஃப்-உம் சேர்த்து அழுத்தினால் வளைகோடு திறக்கும். முதலில் கோர் கிளாக்கை மைனஸ் 250 ஆக்கி அப்ளை. கோடு முழுதும் கீழே போகும். பிறகு 900 மில்லிவோல்ட் புள்ளியை மட்டும் பிடித்து 1,850 மெகாஹெர்ட்ஸுக்கு ஏற்றி அப்ளை. அதற்கு வலப்பக்கம் இருப்பதெல்லாம் 1,850-இல் தட்டையாகிவிடும். இனிக் கார்டு 900-க்கு மேல் வோல்டேஜ் கேட்காது. ஒரு புரொஃபைலில் சேமியுங்க, ஆனால் உடனே ஸ்டார்ட்டப்பில் ஏற்றாதீங்க. உங்கள் கைவசம் இருப்பதில் மிகக் கனமான ஆட்டத்தை ஒரு மணி நேரம் ஓட்டுங்க. ரே டிரேசிங் இருந்தால் ஆன் செய்து ஓட்டுங்க, மற்ற எல்லாவற்றிலும் நின்ற அமைப்பு அதில் விழும். ஆட்டம் தானே மூடிக்கொண்டால் 15 குறையுங்க. மறுபடி மூடினால் இன்னொரு 15. ஒரே மாடலில் இரண்டு கார்டுக்கு ஒரே எண் ஒத்துவராது, இணையத்தில் யாரோ போட்ட எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்காதீங்க. என்னுடையதையும்தான்.

40 வாட் மிச்சமாகலாம். நாளுக்கு 4 மணி நேரம், 30 நாள்: 4.8 யூனிட். யூனிட் சுமார் 30 காசு என்றால் 1 வெள்ளி 44 காசு.

தேக்கா மூலை | 20 ஜூலை, இரவு 8.31

இவ்வளவு கணக்குப் போட்டு மாசத்துக்கு ஒரு கோப்பி காசு மிச்சம் பிடிச்சிருக்காரு மீட்டர் அண்ணன்.

ஜூரோங் மீட்டர் | 20 ஜூலை, இரவு 8.36

காசுக்காக இல்லை. அந்த 40 வாட் முழுவதும் உங்கள் கால்மாட்டில் சூடாக இறங்குகிறது. சின்ன அறையில் கதவைச் சாத்தி உட்கார்ந்தால் தெரியும்.

பொங்கோல் 165 | 21 ஜூலை, இரவு 9.58

1,850ல ஒரு தடவை மூடிக்கிச்சு. 1,835ல ரெண்டு மணி நேரம் ஓடிடுச்சு. 79லேருந்து 71. ஃபேன் சத்தம் கம்மி.

ஏர்கான் காத்து நேரா கேஸ் மேல அடிக்குது. உள்ள ஈரம் சேருமா?

ஈசூன் பழைய கார்டு | 21 ஜூலை, இரவு 10.20

சேராது. தன்னைச் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்த பொருள்தான் வியர்க்கும். ஓடும் கார்டு அறையைவிடச் சூடு. கவனிக்க வேண்டியது தலைகீழ் நிலை: ஏர்கான் அறையில் ஊறிய கேஸை நண்பர் வீட்டுக்குத் தூக்கிப் போய் இறக்கியவுடன் சுவிட்சைப் போடுவது. ஒரு மணி நேரம் விட்டுவிடுங்க.

இங்கே ஈரத்தைவிடத் தூசிதான் தொல்லை. புகைமூட்ட மாதங்களில் ஜன்னல் திறந்த வீட்டில் முன் ஃபில்டர் சீக்கிரம் சாம்பல் பூத்துவிடும். புளோயரால் ஊதும்போது கார்டின் ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்க. காற்றின் வேகத்தில் தறிகெட்டுச் சுற்றினால் பேரிங் போகும். ஊதியும் குறையாவிட்டால் ஹெச்டபிள்யூ இன்ஃபோவில் ஹாட்ஸ்பாட் (சில்லின் மிகச் சூடான இடம்) வெப்பத்தைப் பாருங்க: ஜிபியு வெப்பத்தைவிட 10, 15 கூட இருப்பது சரி, 30 கூட இருந்தால் சில்லுக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவிலிருக்கும் பேஸ்ட் காய்ந்திருக்கும் அல்லது ஹீட்சிங்க் சரியாக உட்காரவில்லை.

புக்கிட் பாத்தோக் சிவப்பு | 22 ஜூலை, மாலை 5.12

எல்லாரும் என்விடியாவோட பச்சைக் கட்சியாகவே பேசுறீங்க. ஏஎம்டி ஆர்எக்ஸ் 6600-க்கு?

ஈசூன் பழைய கார்டு | 22 ஜூலை, மாலை 6.40

கொள்கை அதேதான். ஏஎம்டியின் அட்ரினலின் மென்பொருளில் 'ரேடியான் சில்' என்ற அமைப்பைத் திறந்து குறைந்தபட்சம், அதிகபட்சம் இரண்டுக்கும் ஒரே எண் கொடுத்தால் அதுவே நல்ல லிமிட்டர். ஃப்ரீசிங்க் ஆன். ரேடியான் பூஸ்ட் வேண்டாம், கேமரா திரும்பும்போது ரெசல்யூஷனை இறக்கும், கண் உறுத்தும். டியூனிங் பக்கத்தில் வோல்டேஜைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி மேலே சொன்ன மாதிரி சோதியுங்க. 6600 வெறும் 8 லேன் கார்டு, பிசிஐஇ 3.0 போர்டில் சுமார் 8 ஜிபிதான் வழி, ஆகவே டெக்ஸ்சர் விஷயத்தில் நீங்க இன்னும் கறாராக இருக்கணும்.

டிரைவர் மெனுவில் இருப்பதெல்லாம் ஆபத்தில்லாதது என்று நினைக்க வேண்டாம். 2023 அக்டோபரில் ஏஎம்டியின் தாமதம் குறைக்கும் ஆன்டி-லேக் பிளஸ் வசதி கவுன்டர்-ஸ்டிரைக் 2-இல் ஆட்டத்தின் உள்ளே கை வைத்ததால் ஏமாற்று நிரலாக எண்ணப்பட்டு ஆட்கள் தடை வாங்கினார்கள். ஏஎம்டி அதைத் திரும்பப் பெற்று, பிறகு ஆட்டத்தோடு சேர்த்தே எழுதும் ஆன்டி-லேக் 2 கொண்டுவந்தது. பச்சைக் கட்சியும் சுத்தமில்லை: 2024 டிசம்பரில் என்விடியா ஆப்பின் கேம் ஃபில்டர் ஓவர்லே (ஆட்டத்தின் மேல் மிதக்கும் மெனு), பயன்படுத்தாமல் இருந்தபோதும் வேகத்தைக் குறைத்தது. ஓவர்லேயைத் தொடவே மாட்டீங்க என்றால் அணைத்துவிடுங்க.

பொங்கோல் 165 | 23 ஜூலை, இரவு 10.30

கார்டு மெமரி முழுசையும் சிபியு நேரா எட்டுற ரீசைசபிள் பார் போடலாமா?

ஜூரோங் மீட்டர் | 23 ஜூலை, இரவு 10.55

போடலாம், திக்கலுக்கு மருந்து என்று நினைக்காமல். சில ஆட்டத்தில் சில சதவீதம் ஏறும், சிலதில் இறங்கும். அதனால்தான் என்விடியா பட்டியலில் உள்ள ஆட்டங்களுக்கு மட்டும் இயக்குகிறது. பயாஸில் 'அபவ் 4ஜி டீகோடிங்' ஆன், சிஎஸ்எம் (பழைய முறையில் தொடங்கும் வசதி) ஆஃப். சிஎஸ்எம்மை அணைப்பதற்கு முன் டிஸ்க் மேனேஜ்மென்டில் விண்டோஸ் வட்டு ஜிபிடி வடிவமா என்று பார்த்துவிடுங்க. பழைய எம்பிஆர் வடிவமாக இருந்தால் விண்டோஸ் திறக்காது, கறுப்புத் திரை. விண்டோஸோடு வரும் எம்பிஆர்2ஜிபிடி கருவியால் மாற்றலாம், முதலில் பேக்கப். ஆரம்பத்தில் வந்த 3060 டிஐ கார்டுகளுக்கு விபயாஸ் (கார்டின் சொந்த பயாஸ்) அப்டேட்டும் வேண்டும்.

பொங்கோல் 165 | 24 ஜூலை, இரவு 11.02

எம்பிஆர்தான். வேண்டாம், விட்டுட்டேன்.

ஆன்லைன் ஆட்டத்துல ஆள் மட்டும் பின்னாடி இழுத்துட்டுப் போகுது. கோடு நேராத்தான் இருக்கு.

தேக்கா மூலை | 24 ஜூலை, இரவு 11.09

கோடு நேரா இருந்து ஆள் பின்னாடி போனா அது கார்டு இல்ல ப்ரோ, வைஃபை. சர்வரே சிங்கப்பூர்ல இருக்கிற ஆட்டத்துக்கு, கேபிள் போட்டா பிங் (சர்வருக்குப் போய்வர ஆகுற நேரம்) ஒற்றை இலக்கத்துல நிக்கும். ரவுட்டர் ஹால்ல, நீங்க ரூம்ல, நடுவுல பாம் ஷெல்டர் சுவர். குண்டுக்கே அசையாம கட்டின கான்கிரீட், வைஃபைக்கு வழி விடுமா? சுவர் ஓரமா தட்டை நெட்வொர்க் கேபிள் ஓட்டுங்க.

ஈசூன் பழைய கார்டு | 25 ஜூலை, இரவு 9.45

அடுத்துக் கேட்கப்போவது டிஎல்எஸ்எஸ் என்று தெரியும். 1440பி-யில் குவாலிட்டி போட்டால் உள்ளே 1707 x 960-இல் வரைந்து பெரிதாக்கும். கார்டு தடையாக இருக்கும் இடத்தில் தாராளமாகப் போடுங்க. சந்தை மாதிரி சிபியு தடையாக இருக்கும் இடத்தில் பலன் இருக்காது, 1080பி சோதனையில் 3தான் ஏறியது நினைவிருக்கும். பெர்ஃபார்மன்ஸ் மோடு 1280 x 720, உங்கள் திரைக்கு வேண்டாம்.

ஃபிரேம் ஜெனரேஷன்: என்விடியாவுடையது ஆர்டிஎக்ஸ் 40 வரிசையிலிருந்துதான். ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் 3-இன் ஃபிரேம் ஜெனரேஷன் 3060 டிஐயிலும் ஓடும். ஆனால் அது நடுவே ஃபிரேமைச் சொருகுவது, தாமதத்தைக் குறைக்காது, கூட்டும். அடிப்படை 60 தாண்டாத இடத்தில் போட்டால் பார்க்க வழுக்கும், கைக்குச் சேற்றில் நடப்பது போலிருக்கும். கார்டு மெமரியையும் தின்னும். 8 ஜிபியில் மறுபடி முதல் நாள் முள்ளுக்கே திரும்புவீர்கள்.

பொங்கோல் 165 | 2 ஆகஸ்ட், இரவு 10.18

புது டிரைவர் போட்டேன். மறுபடி திக்குது! கட்டினது, ஜி-சிங்க் எல்லாம் அப்படியே இருக்கு. டிடியு கருவி போட்டு பழைய டிரைவரை சேஃப் மோட்ல சுத்தமா துடைச்சுட்டு மறுபடி போடணுமா?

ஈசூன் பழைய கார்டு | 2 ஆகஸ்ட், இரவு 10.24

வேண்டாம். டிரைவர் மாறினால் பழைய ஷேடர் கேஷ் செல்லாது, முழுவதும் புதிதாகத் தொகுக்கும். அது முடியும்வரை ஆட்டத்தை முதல் மெனுவிலேயே நிற்கவிடுங்க.

தேக்கா மூலை | 2 ஆகஸ்ட், இரவு 10.26

கீழ போய் கோப்பி ஓ கோசோங் ஒண்ணு வாங்கிட்டு வாங்க. மீட்டர் அண்ணன் மிச்சம் பிடிச்சுக் கொடுத்த காசு இருக்கே.

பொங்கோல் 165 | 2 ஆகஸ்ட், இரவு 10.41

வாங்கியாச்சு. 41 சதவீதத்துல ஓடிட்டிருக்கு.